கெட்டிப்பட்ட சோப்பு

ஜூன் 3

அன்புள்ள மகாராணிக்கு,

உன் மொட்டைத்தலைப் புருஷன் நான் நலம். உன் அக்கா வீட்டில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். வேலை போனதை மறைத்து, தினமும் இஸ்திரிச் சட்டை மாட்டிக்கொண்டு பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தது தப்புதான். "ஒரு காரியத்தையாவது பொய் இல்லாம முழுசாச் செஞ்சு காட்டுங்க, திரும்பி வர்றேன்" என்று வாசலில் நின்று சொன்னாயே. நீ செய்து விற்கும் உப்புச் சோப்பையே என் கையால் செய்துவிட்டேன். பார்சலில் வருகிறது. மூக்கின் மேல் விரல் வைப்பாய்.

உன் மொட்டை

ஜூன் 11

சோப்பு முதலாளி அவர்களுக்கு,

விரல் வைக்கவில்லை, மூக்கையே பொத்திக்கொண்டேன். பார்சலைப் பிரித்ததும் வழுவழுவென்று ஏதோ கையில் ஒட்டியது. சளி மாதிரி. சொல்லவே கூசுகிறது. அதில் ஒரு ஈ வேறு செத்துக் கிடந்தது. மீன் பொரித்த எண்ணெயைத்தானே ஊற்றினீர்கள்? உங்கள் சோப்பைத் தொட்ட கையை வேறு சோப்புப் போட்டுக் கழுவினேன். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

புதுத் தேங்காய் எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள். காஸ்டிக் சோடாவைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கண்ணளவு கூடாது. சமையல் உப்புத்தான் போட வேண்டும். கால்வலிக்கு வெந்நீரில் போடுகிற உப்பைப் போட்டால் நீர் கசிந்துகொண்டே இருக்கும், ஜென்மத்துக்கும் இறுகாது.

இன்னும் உங்கள் மனைவி

ஜூன் 20

அன்புள்ள மகாராணிக்கு,

மீன் பொரித்த எண்ணெய்தான். வீணாகிறதே என்று பார்த்தேன். இந்த முறை எல்லாம் நீ சொன்னபடி. அச்சில் ஊற்றிவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன், விடிந்துவிட்டது. கத்தியை வைத்தால் பொலபொலவென்று உதிர்கிறது. அள்ளிக் குளியலறையில் கொட்டினேன். சாக்கடை அடைத்துப் பக்கத்து வீட்டு வாசல்வரை நுரையும் அழுக்குமாக ஓடியது. அந்த அம்மா என் முகத்தில் விழிப்பதில்லை.

உன் மொட்டை

ஜூன் 27

உங்களுக்கு,

படிக்கும்போதே அந்தச் சாக்கடை இங்கே நாறியது. ஆனால் சிரித்தும் விட்டேன், அதை மறைப்பானேன். உப்புச் சோப்பு சட்டென்று இறுகிவிடும். இளஞ்சூடு இருக்கும்போதே வெட்ட வேண்டும். தூக்கம் வந்தால் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிவிடுங்கள், வெட்டுகிற வேலையே இல்லை. கோணலாக வந்தாலும் அனுப்புங்கள். நான் அழகு கேட்கவில்லை.

உங்கள் மனைவி

ஜூலை 5

என் மகாராணிக்கு,

கல் மாதிரி இறுகிவிட்டது. நானேதான் செய்தேன், சத்தியமாக. எந்த ரயிலில் வருகிறாய்?

மொட்டை

ஜூலை 12

சோப்பு வந்து சேர்ந்தது. "பரவாயில்லையேடி, உன் வீட்டுக்காரர் தேறிட்டாரே" என்றாள் அக்கா. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வழக்கம்போல நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். காஸ்டிக் சோடா மிச்சமிருந்தால் சுரீர் என்னும். அப்படி ஒன்றும் இல்லை. கரிக்கவும் இல்லை. உப்புச் சோப்பில் உப்பே இல்லை. திருப்பிப் பார்த்தேன். கம்பெனிப் பெயரைக் கத்தியால் சுரண்டியிருக்கிறீர்கள். கடைசி இரண்டு எழுத்து இன்னும் தெரிகிறது.

நீங்கள் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகச் சுரண்டியதை நினைத்ததும் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். சுரண்டிய நேரத்தில் ஒரே ஒரு கிண்ணம் ஊற்றியிருக்கலாம். உதிர்ந்து போயிருந்தாலும் வந்திருப்பேன்.

நாளைக் காலை ரயிலுக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தேன். துணிகளை எடுத்து அக்காவின் அலமாரியில் அடுக்கிவிட்டேன். பதில் எழுத வேண்டாம். அடுத்த வாரம் ஆள் வரும், என் அச்சுகளையும் தராசையும் கொடுத்தனுப்புங்கள். இங்கே தொழிலைத் தொடங்க வேண்டும்.

சோப்புக்காரி