ரோச் வீட்டுக்கு அப்பா போனது

சேசு மரி சூசை

தூத்துக்குடி
18-7-1977

அன்பு மகள் பேபிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நாங்கள் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த ரூர்கேலா மழையில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் எப்போதும் நினைப்பு. வீட்டுக்கு வெள்ளையடித்து முடிந்தது, கச்சான் காற்று மண்ணை வாரி வாரி உள்ளே போடுகிறது. தம்பி கிளாட்வினுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை.

ரிட்டயர் ஆன பிறகு அப்பா சந்தோஷமாக இருக்கிறாரா என்று கேட்டிருந்தாய். டி.எஸ்.பி.யாகச் சேர்ந்து டி.ஐ.ஜி.யாக இறங்கிய மனுஷன், சொந்த ஊருக்கு வந்தால் சனம் கொண்டாடும் என்று நானும் நினைத்தேன். முதல் ஞாயிறு பூசைக்குப் போனோம், எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள், ஆனால் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு ஒருவரும் வந்து உட்காரவில்லை. விசைப்படகுக்காரர்களுக்கும் வள்ளக்காரர்களுக்கும் சண்டை வந்த வருஷம் நீ கல்யாணமாகிப் போயிருந்தாய், அதனால் உனக்கு முழுசும் தெரியாது. அப்போது அப்பா வேறு ஜில்லாவில் எஸ்.பி., உங்கள் ஊர்ச் சனம் நீங்கள் சொன்னால் கேட்கும் என்று மேலிடத்தில் அனுப்பி வைத்தார்கள். பேசிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை, கல் விழுந்தது, தடியடிக்கு உத்தரவு கொடுத்தார். அதில் ரோச் மாமாவுக்கு இடது கண் போயிற்று. அப்பாவோடு ஒரே தெருவில் வளர்ந்தவர், அப்பா படிக்கப் பாளையங்கோட்டை புறப்பட்ட அன்று டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து ஸ்டேஷன் வரை வந்தவர். சண்டையை விலக்கத்தான் அங்கே நின்றாராம்.

போன வாரம் அப்பா தானாகவே ரோச் வீட்டுக்குப் புறப்பட்டார், நானும் கூடப் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ரோச் மாமா எங்களைக் கண்டதும் எழுந்து நின்று, வாங்க ஐயா உக்காருங்க என்றார். அவர் மனைவி அந்தோணியம்மாள் பாய் விரித்தாள். அப்பா உட்காராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏலே ரோச், உன் கண்ணைப் போக்கினவன் நான்தாம்லே, என்னைய மன்னிச்சிருலே என்று அழுதார். ரோச் மாமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அடி எல்லாருக்குந்தான் விழுந்துச்சு, எனக்குக் கண்ணுல விழுந்துச்சு, அதுக்கு உங்க மேல கோவம் இல்ல ஐயா. மறுநாள் கலெக்டரு கூட ஆஸ்பத்திரிக்கு வந்தீங்கல்லா, என் கட்டிலுகிட்ட நின்னு டாக்டர்ட்ட இந்த ஆள் பேரு என்னன்னு கேட்டீங்க. என் பேரு உங்களுக்குத் தெரியாதா ஐயா?" என்றார். எனக்கே இது அன்றுதான் தெரியும் பேபி. திரும்பி வரும்போது அப்பா, பழக்கம் காட்டினா ஊர்க்காரனுக்குப் பரிஞ்சு நிக்கேன்னு கலெக்டர் நினைச்சிருவாரோன்னு பயந்துட்டேன் பிளாரன்ஸ், பதவி உயர்வுக்கு என் பேரு போயிருந்த நேரம் என்று சொன்னார். அந்த வருஷமே டி.ஐ.ஜி. ஆனார், நீகூட வாழ்த்துத் தந்தி அடித்தாய்.

இப்போது தினமும் சாயங்காலம் அங்கே போகிறார். சின்ன வயதிலிருந்து இருவரும் ஏலே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், அப்படியே கூப்பிடுலே என்று கெஞ்சியும் பார்த்துவிட்டார். ரோச் மாமா மரியாதையில் ஒரு குறையும் வைப்பதில்லை, காப்பி கொடுக்கிறார், கடல் சேதி சொல்கிறார், தெரு முனை வரை வந்து வழியனுப்புகிறார். நேற்றும் அப்பா திரும்பி வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து, இன்னைக்கும் ஐயான்னுதான் சொல்லுதான் பிளாரன்ஸ் என்றார். நான் சோற்றைப் போட்டு வைத்தேன்.

நீ அப்பாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் போடு, உத்தியோகத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதே, குழந்தை என்ன பேசுகிறது என்று மட்டும் எழுது. குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, மறந்துவிடாதே. பனிமய மாதா உங்கள் மூவரையும் தன் மேலங்கிக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பிளாரன்ஸ் செபாஸ்டின்