இவருக்கு யாருமில்லை

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். போனில் நீ பேசுவது என் காதில் பாதிதான் விழுகிறது, அதனால் வழக்கம்போல் கடிதம்.

நேற்று பல் டாக்டரைப் பார்க்கப் போக பஸ்ஸுக்கு நின்றேன். நிறுத்தத்தின் பின்சுவரில் ஆளுயரத்துக்கு ஒருவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐயோ பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று கிட்டப் போய்ப் பார்த்தால், நான்! தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் 'இவருக்கு யாருமில்லை'. கீழே நீ வேலை பார்க்கும் முதியோர் தொண்டு நிறுவனத்தின் பெயர்.

உன் அம்மா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். கல்யாணப் படத்திலேயே எதையோ பறிகொடுத்தவன் மாதிரி நிற்கிறேன் என்று சொல்லிக் காட்டுவாளே! ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவரை இந்த மூஞ்சி சோறு போட்டது. பார்த்த மாத்திரத்தில் டிக்கெட் எடுக்காதவன் தானாக ஒப்புக்கொள்வான். நேற்று பக்கத்தில் நின்ற பெண் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் கையில் ஓர் ஆப்பிளைத் திணித்துவிட்டுப் போனாள். நல்ல பழம்.

இது எப்படி நடந்தது என்று மட்டும் எழுது. கோபமில்லை.

அப்பா


மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போன மாதம் நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசுக்கு வந்து, வாசல் பெஞ்சில் எனக்காகக் காத்திருந்தீர்களே, அன்றைக்கு எடுத்த படம் அது. ஆபீசுக்கு எதிரில் இருக்கிற எங்கள் இல்லத்துத் தாத்தாக்களைப் போஸ்டருக்காகப் படம்பிடிக்க ஒருவர் வந்திருக்கிறார். அவர்களோ கேமராவைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்களாம். வெறுத்துப்போய்த் திரும்பியவர் கண்ணில் நீங்கள் பட்டுவிட்டீர்கள். அந்த நேரத்தில் நான் உள்ளே 'முதியோரின் தனிமை' பற்றிய கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

இயக்குநரிடம் ஓடினேன். "சார், அது எங்கப்பா சார்!"

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சும்மா. தனியா சம்மதம் வாங்க வேண்டியதில்ல."

நன்கொடை மடை திறந்த மாதிரி வருகிறதாம், போஸ்டரை எடுக்க முடியாதாம். இங்கே ஒரு மின்விசிறி வாங்குவதற்கே ஏழு பேர் குழு கூட வேண்டும். போஸ்டரை எடுக்கும் குழுவுக்கு இன்னும் ஆளே போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை 'ஊழியர்களுக்கு ஓய்வின் அவசியம்' என்று பயிற்சி வகுப்பு. வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் இல்லத்துக்கு இரண்டு பெட்டி நீச்சல் கண்ணாடி அனுப்பியிருக்கிறார். சமையல்கார அக்கா அதை மாட்டிக்கொண்டுதான் வெங்காயம் நறுக்குகிறார்.

வீடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் அப்பா. இந்தப் பெண்கள் விடுதியில் ஆண்களுக்கு வாசலோடு சரி, பெற்ற அப்பாவாகவே இருந்தாலும். சம்பளத்தைக் கூட்டித் தரச் சொன்னால், "சேவைக்கு ஏதும்மா இன்கிரிமென்ட்?" என்கிறார். என்னை மன்னித்துவிடுங்கள்.

வாலு


மார்ச் 19

அன்புள்ள வாலுக்கு,

நீ எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய்? என் பாடு ராஜபோகம். பேங்கில் என்னை வரிசையில் நிற்க விடுவதில்லை. முடிவெட்டுகிறவர் காசு வாங்க மாட்டேன் என்று கையை எடுத்துக் கும்பிடுகிறார். மாடிவீட்டு அம்மா தினமும் மத்தியானம் சாப்பாடு அனுப்புகிறார். உப்பே இருப்பதில்லை, ஆனால் யாருமில்லாதவன் உப்பு கேட்டால் நன்றாகவா இருக்கும்?

ஒரு நாள் தாங்க முடியாமல், "எனக்கு ஒரு பொண்ணு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். "இருந்துமா இப்படி!" என்று அந்த அம்மா தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். அப்புறம் உன்னை வேறு திட்டினார். அதிலிருந்து நீ இருப்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வீடு மெதுவாகப் பார்க்கலாம்.

அப்பா


மார்ச் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

போஸ்டரைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் போடும் வேலையை என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். மூட்டை மூட்டையாக வருகிறது. அந்தப் பெரியவருக்கு முழங்கால் வலி உண்டா, ராத்திரி தூங்குகிறாரா, எந்த நிறம் பிடிக்கும், ஸ்வெட்டர் பின்னித் தருகிறோம் என்கிறார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறேன். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. முன்பின் தெரியாதவர்கள் கேட்ட பிறகுதான், நான் உங்களை இதெல்லாம் கேட்டதே இல்லை என்று உறைக்கிறது. வெட்கமாக இருக்கிறது அப்பா.

நேற்று ஒரு நர்ஸ் எழுதியிருந்தார். 'அவர் காலுக்குப் பின்னால் இருக்கிற பையைப் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரியிலும் தங்க வருகிறவர்கள்தான் அவ்வளவு பெரிய பை கொண்டு வருவார்கள். அவர் எங்கே தங்கப் போனார்?'

ஓடிப்போய்ப் போஸ்டரைப் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில், ஆமாம், நம் வீட்டுப் பச்சைப் பை. அன்றைக்கு "சும்மா இந்தப் பக்கம் வந்தேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டீர்கள். சும்மா வந்தவருக்கு அவ்வளவு பெரிய பை எதற்கு? இதை நன்கொடையாளர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

ஓர் அறை பார்த்திருக்கிறேன். ஒழுகும், ஆனாலும் இரண்டு பேர் இருக்கலாம். ஜூன் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து.

வாலு


ஏப்ரல் 6

என் வாலுக்கு,

முழங்கால் வலி உண்டு. தூக்கம் விட்டுவிட்டு வரும். நீலம் பிடிக்கும்.

பையில் சட்டைகள், மாத்திரை, ரேடியோ. உன்னோடு இருந்துவிடலாம் என்றுதான் வந்தேன். நீ ஓடி வந்தாய். "அப்பா, பத்து நிமிஷம்தான், அடுத்த மீட்டிங் இருக்கு" என்றாய். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான். அதற்காக நீ அழாதே.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் இயக்குநர் இங்கே வந்திருந்தார். பழம் வாங்கி வந்தார். "ஐயா, ஒரு அம்மா உங்களுக்குன்னே நம்ம இல்லத்துல ஒரு ரூமுக்குக் காசு குடுத்திருக்காங்க. நீங்க வரலைன்னா திருப்பிக் கேப்பாங்க. அப்புறம் நான் ஆளைக் குறைக்க வேண்டி வரும்" என்றார். யாரைக் குறைப்பார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். உன் கடிதம் மறுநாள்தான் வந்தது.

ஒழுகுகிற அறைக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. இது ஒழுகாதாம். ஜன்னலைத் திறந்தால் உங்கள் ஆபீஸ் வாசல் தெரியுமாம். நீ வருவதையும் போவதையும் பார்க்கலாம். வேறென்ன வேண்டும் எனக்கு? பதினைந்தாம் தேதி வருகிறேன், அதே பச்சைப் பையோடு. நீச்சல் கண்ணாடி மிச்சமிருந்தால் நீ ஒன்று எடுத்து வைத்துக்கொள். அன்றைக்குப் படம் பிடிக்க ஆள் வருவார்களாம்.

ஒன்றே ஒன்று. யாருமில்லாதவர்களை மட்டும்தான் அங்கே சேர்ப்பார்களாமே. அதனால் வாய் தவறிக்கூட என்னை அப்பா என்று கூப்பிட்டுவிடாதே. மற்றவர்களைக் கூப்பிடுவதுபோல ஐயா என்றே கூப்பிடு. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடு, என் காதைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

அப்பா