பதினாறில் அடங்காத ஊர்ப்பெயர்கள்

நான் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிற என் அண்ணனுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு # குறிதான். உன் லேப்டாப்பில், பெட்டிகளை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலுக்கான அமைப்புக் கோப்பில், ஒதுக்கிய இடம் போதுமா என்று சரிபார்க்கச் சொல்லும் வரிக்கு முன்னால் இருந்தது. அந்தக் குறி இருந்தால் சரிபார்ப்பு நடக்காது. நீதான் வைத்திருக்கிறாய். ஏன் அண்ணே? வேலையை முடிக்கும் அவசரமா?

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. அம்மா மறுபடி களையெடுக்கப் போகிறாள். நீ செய்துவைத்த மூன்று மோட்டார் பெட்டிகளும் அலமாரியில் இருந்தன. கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் பெட்டிகள். பாலவனத்தம், பந்தல்குடி, திருச்சுழி என்று ஊருக்கு ஒன்று. இன்று மாட்டப்போவதாகக் கணேசன் அண்ணன் சொல்லியிருந்தார்.

ஒன்பதாவதோடு நின்றவள் நான். உன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தது மட்டும்தான் தெரியும். நேற்று மத்தியானம் # குறியை எடுத்துவிட்டுக் கெர்னலைத் தொகுத்துப் பார்த்தேன். ஊர்ப்பெயரை நீ எழுதிய வரியில் பிழை காட்டி நின்றுவிட்டது.

ஊர்ப்பெயருக்கு நீ ஒதுக்கியது பதினாறு பைட்; ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஆங்கிலத்தில் எழுதியபோது திருச்சுழி அதில் அடங்கியது. மோட்டார் போடுகிறவர்கள் படிக்கட்டும் என்று பிறகு தமிழில் மாற்றினாய். தமிழில் அதற்கு முப்பது பைட்டுக்கு மேல் வேண்டும். மிச்சம் பக்கத்து இடத்தில் விழும். அங்கேதான் மோட்டாரை எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்ற எண் இருக்கிறது. அது அழிந்தால் வற்றிய கிணற்றில் மோட்டார் ஓடிக் கருகும்.

காலையில் உன் கூட்டாளி கணேசன் அண்ணன் வந்துவிட்டார்.

"ஏத்தா, பொட்டிய எடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இப்ப வேண்டாம்ணே. பேரு பெருசா இருக்கு."

"அத ஊருக்குப் பேரு வச்சவுககிட்டப் போயிச் சொல்லு" என்று சிரித்தார். பிறகு, "அவன் எழுதுனதுல தப்பு இருக்காது, தாயி" என்றார்.

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. உன் தப்பை அவள் காதுபட நான் எப்படிச் சொல்வேன்? லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னாலேயே தொகுத்துக் காட்டினேன். அதே வரியில் நின்றது. சரிபார்க்கும் வரிக்கு முன்னால் # குறி இருந்த இடத்தையும் விரலால் காட்டினேன். கணேசன் அண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தச் சரிபார்ப்ப அவனா நிறுத்தி வச்சான்?"

"ஆமாண்ணே."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அப்ப அடுத்த பஸ்ஸுல போறேன்."

சரிபார்க்கும் அந்த வரிக்கு முன்னால் இனி யாரும் குறி வைக்க விடமாட்டேன், அண்ணே. நானும் வைக்க மாட்டேன்.

பதினாறை அறுபத்து நான்காக்கினேன். இந்தத் தடவை கடைசிவரை நிற்காமல் போனது. அதை மூன்று பெட்டிகளிலும் ஏற்றினேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி