இரண்டாவது இழுப்பு

மார்ச் 3, செவ்வாய்
காலைச் சர்க்கரை 148. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது முந்நூறைத் தாண்டியிருந்தது. கடவுளுக்கு நன்றி. மூச்சுக்குக் கொடுத்த மாத்திரைதான் அப்படி ஏற்றிவிட்டது என்று டாக்டரே சொன்னார். மூச்சுக்கு வாயில் வைத்து இழுக்கும் பம்பின் பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அதே ஜாதி மருந்துதான் இதிலும்! அன்றிலிருந்து வேளைக்கு இரண்டு இழுப்புக்குப் பதில் ஒன்று. ஒரு கேஸ் சிலிண்டரையே இரண்டு மாதத்துக்கு இழுத்துப் பிடிக்கிறவளுக்கு இது என்ன பெரிய வேலை? பம்பும் கூடுதல் நாள் வரும். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்
மகளுக்குப் பெண் குழந்தை. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்களாம். இருவரும் நலம். எனக்கு நெஞ்சில் சளி பிடித்துவிடும் என்று மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்கிறார். வீட்டுக்கு வரட்டும், போகிறேன். நன்றி, நன்றி.

மார்ச் 16, திங்கள்
மகள் வீடு மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது. படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே நெஞ்சு அடைத்துக்கொண்டது. என் உதட்டின் நிறத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்து, கீழே இறக்கி, வாடகைக் காரில் உட்கார வைத்தார். மாப்பிள்ளை குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். தையல் போட்ட வயிற்றோடு மகள் எங்கே இறங்குவாள்? பால்கனியில் நின்று போனில் பேசினாள். "பரவால்லம்மா, அப்புறம் வந்துக்கலாம்." குரல் அப்படிச் சொல்லவில்லை.
பேத்தியைப் பார்த்தாச்சு. பெத்தவளைத்தான்— எம்பொண்ணு தலைய ஒரு தடவ தடவிக் குடுக்க முடியல. இந்த மூச்சு எனக்கு எதுக்கு?

மார்ச் 17, செவ்வாய்
நேற்றைய கடைசி வரிக்கு மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டேன். மூச்சு வேண்டும்.

மார்ச் 19, வியாழன்
நெஞ்சு டாக்டரிடம் போனோம். அங்கே நர்ஸ் பொண்ணு என் பம்பைத் திருப்பி, மீதியைக் காட்டும் எண்ணைப் பார்த்தாள்.
"கணக்கு இடிக்குதேம்மா. இது இந்நேரம் தீர்ந்திருக்கணுமே."
கணக்கு இடிக்கிறது என்று என்னைப் பார்த்து ஒருத்தி சொல்லிவிட்டாள். சொல்லாமல் தீரவில்லை, சொன்னேன். அவள் திட்டவில்லை. மாத்திரை உடம்பு முழுக்கப் போகும்; பம்பு மருந்து பெரும்பாலும் நெஞ்சோடு நின்றுவிடும் என்றாள். "இதைக் குறைச்சா மூச்சு கெட்டு மறுபடி அந்த மாத்திரைக்கே போகணும். அப்ப சர்க்கரை எங்க போய் நிக்கும், சொல்லுங்க?"
தாளைப் படித்தேன். முழுவதும் புரிந்ததா? இல்லையே.
வெளியே வந்ததும் அவர்: "எண்ணெயில சிக்கனம் புடிச்ச, சோப்புல புடிச்ச, சரி. காத்துலயுமா?" சிரித்தேன், அதற்கே இருமல் வந்தது.

ஏப்ரல் 2, வியாழன்
இரண்டு இழுப்பு, தவறாமல். பிறகு வாய் கொப்பளிப்பு. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதும் பயிற்சி. சர்க்கரை 151, பிரஷரும் அடங்கியிருக்கிறது. ஊதுபத்தியை நிறுத்திவிட்டேன், விளக்கு மட்டும். புகையில்லாமலும் ஆண்டவனுக்குக் காது கேட்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு
மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு மகள் வீட்டுப் படியில் அவர் முன்னால் ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் விரித்துப் போட்டு, "மகாராணி உக்காரலாம்." உட்கார்ந்தேன், ஊதினேன், எழுந்தேன். அவசரமே படவில்லை.
மகள்தான் கதவைத் திறந்தாள். நான் சோபாவில் உட்கார்ந்ததும் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். தலை சிக்கு விழுந்து கிடந்தது. பொறுமையாகச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டேன்.
மாலையில் பால்கனியில் குழந்தைத் துணி எடுக்கும்போது, அன்று கார் நின்ற இடத்தை எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் மூச்சு வாங்கியது. பரவாயில்லை. பம்பை எடுத்தேன். மகள் எதிரிலேயே நின்று, "ம், இன்னொண்ணு" என்றாள்.
நாற்காலி வாசலில் சாய்ந்திருக்கிறது. அவர் மட்டும் வீட்டுக்குப் போயிருக்கிறார், என் துணிமணிகளை எடுத்துவர. "எறங்கினாத்தானேம்மா மறுபடி ஏறணும்," என்கிறாள் மகள்.