மருமகள் எதிர்பார்க்கிறாளாம்

சம்சொக், கொரியா,
மார்ச் 14

அன்புள்ள ஜேவுக்கிற்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குளிரோடு குறைந்துவிட்டது.

போன மாதம் ஓர்லா எங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். உனக்குத் தெரியாமல் எழுதினாளாம், கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் புரியட்டும் என்று பெரிய எழுத்தில் நாலே வரி. அதில் ஒன்று, 'ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்'. அகராதியைப் புரட்டினேன். எதிர்பார்ப்பது என்று போட்டிருந்தது. சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "எங்கிட்ட என்னத்த எதிர்பார்க்கிறாளாம்? கல்யாணத்துக்கு வரலைன்னு நான் மன்னிப்புக் கேக்கணுமா?" என்று கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

நூலகத்தில் புதன்கிழமைதோறும் ஆங்கில வகுப்பு நடக்கிறது. நானும் போகிறேன். எதற்கென்று கேட்காதே. ஆசிரியை பாங் உன்னைவிட இளையவர். கடிதத்தைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லைப் பலகையில் எழுதினார். லத்தீனில் வெளியே எட்டிப் பார்ப்பது என்ற பொருளில் பிறந்த சொல்லாம். மழையையோ பஸ்ஸையோ விருந்தாளியையோ எதிர்பார்த்தால், எதை என்று கூடவே சொல்ல வேண்டுமாம்.

"உங்க மருமக எதையுமே சொல்லாம நிறுத்திட்டாங்க பாருங்க. ஒரு பொண்ணு அப்படி எழுதினா ஒரே அர்த்தம்தான் ஐயா. நீங்க தாத்தா ஆகப்போறீங்க" என்றார்.

பக்கத்தில் இருந்த மீன்கடை சோ, "மூணு மாசமா இங்க வந்து தூங்கினது வீண் போகல" என்று என் முதுகில் தட்டினார்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா உடனே கோட்டை மாட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினாள். பிள்ளை பெற்றவளுக்கு சூப் வைக்கும் கடற்பாசி, நல்ல நீளமாக, மடிக்காததாகப் பார்த்து வாங்கினாள். மடித்தால் பிரசவம் சிக்கலாகிவிடும் என்பது இங்கே நம்பிக்கை, உனக்குத்தான் தெரியுமே. பெட்டிக்குள் அடங்காது, மடித்துத் தாருங்கள் என்றார்கள் தபால் நிலையத்தில். "பிரசவத்துக்குப் போற பாசிய மடிக்கச் சொல்றீங்களே, நீங்கல்லாம் சூப் குடிச்ச அம்மாவுக்குத்தானே பொறந்தீங்க?" என்று சண்டை போட்டு, நீளமான பெட்டி வாங்கி அனுப்பிவிட்டுத்தான் நகர்ந்தாள். மூன்று வாரத்தில் வந்துவிடும்.

இத்துடன் ஒரு சிறிய உறை இருக்கிறது. அம்மா ஓர்லாவுக்கு எழுதியது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். ஒட்டித்தான் கொடுத்தாள், நான் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள். அந்த வீட்டில் கொரிய எழுத்து படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஓர்லாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரியும் விடாமல் படித்துச் சொல்.

மூவரும் நலமாக இருங்கள்.

உன் அப்பா,
சின் போங்சு