கைக் கிளட்ச் மேல் விழுந்த பழி

அனுப்புநர்:
ஆ. மோகன்ராஜ், டிப்ளமோ (ஆட்டோமொபைல்),
வாகன எலக்ட்ரிகல் ஒர்க்‌ஷாப்,
பெருமாநல்லூர், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.

பொருள்: திரு. சோணைமுத்து அவர்களின் பிக்அப் வண்டிக்குத் தகுதிச் சான்று மறுத்து எழுதப்பட்ட தவறான காரணத்தை நீக்கி, மறு ஆய்வு செய்யக் கோருதல்.

பார்வை: ஆய்வாளரின் நிராகரிப்புக் குறிப்பு, நாள் 04.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வண்டி என்னுடையதல்ல. அதைப் பழுது பார்ப்பவன் நான். உரிமையாளர் சோணைமுத்துவின் ஒப்புதல் கடிதம் இணைப்பு 1. அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. முதலிபாளையத்தில் ஒரு பனியன் யூனிட்டில் வெட்டிய துணிக்கட்டுகளை ஏற்றி, நல்லூரில் தைக்கும் வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில்.

2. அவர் வண்டியில் கிளட்சை மிதிக்க வேண்டியதில்லை. கியர் லிவரில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு மோட்டார் கிளட்சை இழுக்கும். இந்த மாற்றம் முறையாக அனுமதி பெற்றது. பதிவுச் சான்றிலேயே ஏறியிருக்கிறது (இணைப்பு 2). மூன்று வருடமாக இதை வைத்துத்தான் ஓட்டுகிறார். ஒரு கீறல் கூட விழுந்ததில்லை.

3. கடந்த 4ஆம் தேதி ஆய்வின்போது இரண்டு குறைகள் தெரிந்தன. பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்குகள் மங்கி, கிளட்ச் மோட்டாரும் திணறியது. ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் கரும்புகை வந்தது. இரண்டும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஆய்வாளர் எழுதிய காரணம் “முறையற்ற மாற்றங்கள்”. வாயால் சொன்னது இது: “கண்டதையும் மாட்டி வச்சா வண்டி புகையாம என்ன பண்ணும்? எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டுக் கொண்டா.” நான், “ஏனுங்க சார், கிளட்சுக்கும் சைலன்சருக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று கேட்டேன். “எனக்கே கிளாஸ் எடுக்கறியா?” என்றார். அன்று எடுக்கவில்லை. இப்போது எழுத்தில் தருகிறேன், அவரைப் படிக்கச் சொல்லவும்.

4. மின்சாரக் குறை: தகுதிச் சான்றுக்குப் போகும் வண்டிக்கு முதலில் பெயின்ட் அடிப்பது நம் ஊர் வழக்கம். பளபளப்பைப் பார்த்துத்தான் பாதி ஆய்வு நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பெயின்டர் நல்லான் சுத்தமான வேலைக்காரர். அதுதான் வினையாயிற்று. பாடியில் இருந்த எர்த் வயரைக் கழற்றி, இண்டு இடுக்கு விடாமல் இரண்டு கோட் அடித்து, காய்ந்த பெயின்டின் மேலேயே வயரை மாட்டி போல்ட்டை முறுக்கிவிட்டார். பெயின்ட் வழியாக மின்சாரம் போகாது. பேட்டரி எர்த்துக்கும் பாடிக்கும் நடுவே, பிரேக் மிதித்த நிலையில், மீட்டர் காட்டியது 3.1 வோல்ட்; இணைப்பு சரியாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். போல்ட்டுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி மாட்டியதும் 0.1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. கிளட்ச் மோட்டார் முன்போல இழுக்கிறது. அதாவது, கிளட்ச் வண்டியைக் கெடுக்கவில்லை. தகுதிச் சான்றுக்கு அடித்த பெயின்ட்தான் கிளட்சைக் கெடுத்தது.

5. புகை: இது என் தவறு.
துணிக்கட்டு ஏற்றும் வண்டிகளில் ஏர் ஃபில்டர் பஞ்சாக அடைத்துக்கொள்ளும். ஆய்வுக்கு முந்தின நாள் அதைச் சுத்தம் செய்தேன். தூசி போகக் கூடாதென்று காற்றுக் குழாயின் வாயில் பனியன் வேஸ்ட் துணியைச் சொருகினேன். இங்கே எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கை துடைக்க, எண்ணெய் துடைக்க, ஓட்டை அடைக்க எல்லாவற்றுக்கும் மூட்டையில் வரும் பனியன் வேஸ்ட்தான். அதை எடுக்காமலே குழாயை மாட்டிவிட்டேன். காற்றுப் போதாமல் டீசல் சரியாக எரியவில்லை, கரும்புகை. ஆய்வு முடிந்து ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும், துணி குழாயின் வாயைப் பாதி அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை எடுத்த பிறகு பார்த்த புகைச் சோதனைச் சீட்டு இணைப்பு 3. அந்தத் துணியும் உறையில் போட்டு இணைக்கப்பட்டுள்ளது, இணைப்பு 4. படித்தவன் செய்யும் வேலையா என்று யாராவது கேட்டால், இல்லைதான். என் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

6. ஆனால் எழுதப்பட்டிருப்பது என் பெயரில் இல்லை. சோணைமுத்துவின் காலுக்குப் பதிலாக இருக்கும் ஒரு மோட்டாரின் பெயரில் இருக்கிறது. அதைக் கழற்றினால் அவர் அந்த வண்டியில் ஏறி உட்காரலாம், ஓட்ட முடியாது. குறிப்பைப் படித்துக் காட்டியபோது அவர் சொன்னது: “கிளட்ச கழட்டுறப்ப ஏங் கையையும் சேத்துக் கழட்டிருங்க தம்பி. ரெண்டும் ஒண்ணுதேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

7. வண்டி நின்று இன்றோடு இருபத்தொரு நாள். கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் யூனிட் சூப்பர்வைசர் அபிராமி, “மாசக் கடைசி வரைக்கும்தானுங்ண்ணா நான் சொல்லிச் சமாளிக்க முடியும், அதுக்கு மேல வேற வண்டி பாத்துருவாங்க” என்று சொல்லிவிட்டார். மறு ஆய்வு கேட்டு இரண்டு முறை அலுவலகம் வந்தேன். இரண்டு முறையும் கேட்டது ஒரே கேள்வி: “கழட்டியாச்சா?”

8. கழற்றவில்லை. கழற்றவும் மாட்டேன். அரசே அனுமதித்துப் பதிவுச் சான்றில் ஏற்றிய ஒன்றைக் கழற்றச் சொல்வதானால், எந்த விதியின்படி என்று எழுத்தில் தரவும். வாய்மொழிக்கு நான் ஸ்பேனர் எடுப்பதில்லை.

9. எனவே, நிராகரிப்புக் குறிப்பில் உள்ள “முறையற்ற மாற்றங்கள்” என்ற சொற்களை நீக்கி, “எர்த் இணைப்புக் கோளாறு, மெக்கானிக்கின் கவனக்குறைவு” என்று உண்மையைப் பதியவும், இம்மாதம் 29ஆம் தேதிக்குள் மறு ஆய்வுக்கு நாள் ஒதுக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். வண்டியை உங்கள் அலுவலக வாசல் வரை நான் கொண்டுவந்து தருவேன். அங்கிருந்து ஆய்வுத் தடத்தில் சோணைமுத்துதான் ஓட்டுவார். அவரைப் பற்றி எழுதுகிறவர் ஒரு முறையாவது அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய்விட்டு எழுதட்டும்.

மரியாதை குறையாமலும், சொன்னதில் ஒரு வார்த்தை குறைக்காமலும்,

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
ஆ. மோகன்ராஜ்

இடம்: பெருமாநல்லூர்
நாள்: 25.08.2025