எந்தக் கை என்று அக்கா கேட்டாள்

ஜூலை 8, செவ்வாய்

நான் பிசியோதெரபி கொடுக்கும் கிளினிக்கில் டாக்டர் புது நோயாளி ஒருவரை என் தலையில் கட்டினார். பக்கவாதம், வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். விலாசம் சொன்னார். அக்கா கல்யாணமாகிப் போன வீடு. நாலு வருஷத்துக்கு முன் ஒற்றைப் பையோடு அவள் வெளியேறிய வீடு. படுத்திருப்பது அக்கா புருஷன்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு ஆள் கிடைக்கும்வரை அவர் படுத்தே கிடக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். கிடக்கட்டும், அழுகட்டும் என்றுதான் மனசில் வந்தது. ஆனால் முந்தாநாள்தான் சண்டே ஸ்கூலில் பிள்ளைகளிடம், பகைவனுக்கும் நல்லது செய்ய வேண்டும் என்று அத்தனை அழகாகச் சொல்லிக் கொடுத்தேன். நீங்க செய்வீங்களா டீச்சர் என்று ஒரு குட்டி எழுந்து கேட்டது. செய்வேன் என்றேன். வாய் இருக்கிறதே என்று பேசினால் இப்படித்தான்.

போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கை?"

"வலது."

"என்னை அடிச்ச கை. அதையா நீ சரி பண்ணப் போற?"

மடித்ததில் என் துணிகளை மட்டும் தனியாக எடுத்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 10, வியாழன்

கூடத்திலேயே கட்டில் போட்டிருக்கிறார்கள். மூத்திர வாடை. அதே டிவி. அக்கா அடி வாங்கும்போதெல்லாம் மாமியார்க்காரி சத்தத்தைக் கூட்டி வைப்பாளே, அதே டிவி. என்னைக் கண்டதும் அந்த அம்மாள், நம்ம பொண்ணு வந்துட்டா என்று அழுதாள். நம்ம பொண்ணாம்.

அவன் கை முஷ்டியாக இறுகிக் கிடக்கிறது. இந்த நோயில் அப்படித்தான் ஆகும். விரல் விரலாகப் பிரித்துவிட வேண்டும். எவ்வளவு இழுத்தால் வலிக்கும், எவ்வளவு இழுத்தால் உயிர் போகும் என்று எனக்குத் தெரியும். வைத்தியம் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? அவனுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். கண்ணில் பயம். அது எனக்கு நன்றாக இருந்தது.

இழுக்கவில்லை. ஆண்டவரே, இன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

அக்கா பேசவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இன்னும் பேசவில்லை. யாருக்காக இதைச் செய்கிறேன்? அவனுக்காகவா — சீ. ஆண்டவருக்காக என்றால், அக்காவைப் பார்த்ததும் ஏன் திருட்டு முழி முழிக்கிறேன்?

ஜூலை 31, வியாழன்

அவனுக்குப் பேச்சு தெளிந்துவிட்டது. தெளிந்ததும் சொன்னது இது:

"மன்னிக்கணும்னு வேதத்துலயே இருக்கே. அவள வரச் சொல்லு."

அடித்த காலத்தில் அந்த வேதம் எந்தப் பரணில் கிடந்ததோ. காலைத் தூக்குங்க என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அவன் அம்மா உடனே பாஸ்டருக்குப் போன் போட்டாள். அவரும் வந்துவிட்டார். என் மூலமாகக் கர்த்தர் ஒரு குடும்பத்தைத் திரும்பக் கட்டுகிறாராம். வருகிற ஞாயிறு அவனைச் சபைக்குக் கூட்டி வருவார்களாம், அக்காவை நான் கூட்டி வர வேண்டுமாம். வர மாட்டாள் என்றேன். நீ சொன்னா கேப்பா என்றார்.

அக்கா சபைக்கு வருவதை நிறுத்தியதே இவரால்தான். வீங்கிய முகத்தோடு போய் நின்றவளை, பொறுமையா இரும்மா, ஜெபம் பண்ணு, மாறிடுவார் என்று திருப்பி அனுப்பிய மனுஷன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

சக்கர நாற்காலியில் அவனை முன்வரிசைக்குத் தள்ளி வந்தார்கள். பாஸ்டர் என்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டு, பிரிந்த குடும்பம் சேரச் சகோதரி ஜெபிப்பார்கள் என்று மைக்கை என் கையில் கொடுத்தார். ஜெபிக்க வாய் வரவில்லை. வந்தது இதுதான்:

"இவருக்கு வைத்தியம் பண்றது ஆண்டவருக்குக் கீழ்ப்படிஞ்சு. நடக்கிற வரைக்கும் பண்ணுவேன். ஆனா அக்கா திரும்பிப் போக மாட்டா. இவர் அடிச்சதுல அவளுக்கு ஒரு காது கேக்கல. அந்த முகத்தோட அவ இங்கதான் வந்து நின்னா, நாமதான் திருப்பி அனுப்புனோம். அவகிட்ட முதல்ல மன்னிப்பு கேக்க வேண்டியது இந்தச் சபை."

ஒருத்தர்கூட ஆமென் சொல்லவில்லை. அவன் தலை குனிந்தே இருந்தது. ஆராதனை முடிந்ததும், அடுத்த வாரத்திலிருந்து சண்டே ஸ்கூல் பிள்ளைகளை வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று சபைச் செயலாளர் சொன்னார். பெண்கள் ஒதுங்கிப் போனார்கள். குழாயடியில் ஒருத்தி மட்டும் என் கையை அழுத்திவிட்டுப் போனாள். அவள் வீட்டிலும் அப்படியோ?

அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

போனேன். செவ்வாய்க்கிழமை போகும் நாள்தானே. அவன் அம்மா கதவை முழுதாகத் திறக்கவில்லை, ஒருக்களித்து நுழைந்தேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துக் கையை என் பக்கம் நீட்டினான். விரல் விரலாகப் பிரித்துவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கைத்தடியோடு வாசல்வரை நடந்துவிட்டான். வியர்த்துக் கொட்டியது. நின்று மூச்சு வாங்கியபடி சொன்னான்: "அவ பக்கம் இனி வர மாட்டேன்னு சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். வராம இருங்க, போதும்."

அவனைப் பிடிக்கவில்லை. இனியும் பிடிக்காது. பிடித்தே ஆக வேண்டும் என்று ஆண்டவரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கேட்டால் அப்போது பார்ப்போம்.

செப்டம்பர் 15, திங்கள்

சாயங்காலம் பாஸ்டர் வந்தார். தனியாக. நான் எழுந்தேன், உன்னைப் பார்க்க வரவில்லை என்றார். அக்கா வாசலுக்குப் போனாள். உட்காரச் சொல்லவில்லை. அன்னைக்கு உன்னைத் திருப்பி அனுப்பினது தப்பும்மா, உன் தங்கச்சி சபையில எல்லார் முன்னாடியும் சொன்னதுதான் சரி, என்னை மன்னிக்கணும் என்று அவர் சொன்னது சமையலறைவரை கேட்டது. பிறகு அக்கா குரல் கேட்டது.

"நீங்க சொன்னத கேட்டுக்கிட்டேன். போயிட்டு வாங்க."

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு, முகத்தைத் திருப்பாமலே, என்னிடம் கேட்டாள்.

"நாளைக்கு அங்க போகணுமா?"

"இன்னும் கொஞ்ச நாள் போகணும்க்கா."

"சரி. வர்றப்போ சோப்பு வாங்கிட்டு வா. தீர்ந்துபோச்சு."